ஆய்வேட்டுக்கு நம்பகமான தளங்கள், ஏபிஏ முறையில் ஆதாரம் காட்டுதல்: வழி சொல்லுங்கள்

மழைத்துளி (கேள்வி)

வணக்கம். உளவியல் முதுநிலை ஆய்வேடு எழுதத் தொடங்குகிறேன். தூக்கக் குறைவு கல்லூரி மாணவர்களின் நினைவாற்றலை எப்படிப் பாதிக்கிறது என்பது தலைப்பு. குறைந்தது 40 ஆதாரங்கள் வேண்டும், பெரும்பகுதி ஆய்விதழ்க் கட்டுரைகளாக இருக்க வேண்டும், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ 7ஆம் பதிப்பு முறையில் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

சாதாரண கூகுள் தேடலைத் தாண்டி எங்கே தேடுவது? பணம் கட்டினால்தான் திறக்கும் கட்டுரைகளைச் சட்டப்படி இலவசமாகப் படிக்க வழி உண்டா? நூற்பட்டியலைக் கையால் தட்டுவதா, மென்பொருளை நம்பலாமா? கடைசியாக ஒன்று: சாட்பாட்டிடம் கேட்டால் மளமளவென்று கட்டுரைப் பட்டியல் தருகிறது, ஆனால் அதில் சில கட்டுரைகள் எங்கே தேடியும் அகப்படவில்லை. அவற்றை என்ன செய்வது?

நூலகத்தடம்

தேடலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மென்பொருள் பற்றி மற்றவர்கள் வருவார்கள்.

உங்கள் தலைப்புக்கு மூன்று இடங்கள் போதும்: பப்மெட், கூகுள் ஸ்காலர், எரிக். பப்மெட் மருத்துவம், உயிரியல் சார்ந்த கட்டுரைகளுக்கானது, எரிக் என்பது கல்வித்துறைக்கான தரவுத்தளம். எரிக்கில் தேடல் பெட்டிக்குக் கீழேயே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட கட்டுரைகளை மட்டும் காட்டும், மற்றொன்று முழுக் கட்டுரையும் அங்கேயே கிடைப்பவற்றை மட்டும் காட்டும். முதல் கட்டத்தை எப்போதும் டிக் செய்துகொள்ளுங்கள்.

தேடும் முன்னால் சொற்களைப் பிரித்து வையுங்கள். தூக்கக் குறைவு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஆய்வுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளில் வரும். 'ஸ்லீப் டெப்ரிவேஷன்' என்ற தலைப்பில் வருபவற்றில் பல, இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்துச் செய்த சோதனைகள். 'ஸ்லீப் ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்றால் தினமும் சில மணி நேரம் குறைத்து, அதைப் பல நாள் தொடர்ந்து பார்ப்பது. மாணவர்களின் அன்றாட நிலைக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். 'ஸ்லீப் குவாலிட்டி' என்று தேடினால் வருபவை பெரும்பாலும் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வுகள். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். உண்மையில் அவை வேறு வேறு விஷயங்களை அளந்தவை.

பப்மெட்டில் மெஷ் என்ற தலைப்புச்சொல் தொகுதி இருக்கிறது. முகப்புப் பக்கத்தில் அதற்கான இணைப்பு உண்டு. அங்கே உங்கள் சொல்லைத் தட்டினால், அந்தக் கருத்துக்குத் தரவுத்தளம் வைத்திருக்கும் அதிகாரப்பூர்வத் தலைப்பு என்ன என்று காட்டும். அதை வைத்துத் தேடினால், ஆசிரியர் வேறு சொல் பயன்படுத்தியிருந்தாலும் கட்டுரை வந்து விழும். ஒரு குறை: மிகப் புதிய கட்டுரைகளுக்கு இந்தத் தலைப்பு இன்னும் இடப்படாமல் இருக்கலாம். ஆகவே மெஷ் தேடலை ஒரு முறை, சாதாரணச் சொற்களில் ஒரு முறை என்று இரண்டும் செய்யுங்கள். சொற்களை இணைக்கும் 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்.

முடிவுகள் வந்ததும் இடப்பக்க வடிகட்டியில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ', 'மெட்டா-அனாலிசிஸ்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த ஒரு நல்ல தொகுப்பாய்வு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் ஆதாரப் பட்டியலே உங்களுக்கு வரைபடம்.

அங்கிருந்து கூகுள் ஸ்காலருக்கு வாருங்கள். தொகுப்பாய்வின் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். கீழே 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும், அதை அழுத்தினால் இந்தக் கட்டுரையைப் பின்னால் வந்த யார் யார் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பக்கத்தின் மேலே, இந்தப் பட்டியலுக்குள் மட்டும் தேடுவதற்கான ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்து 'வொர்க்கிங் மெமரி' என்று தேடிப் பாருங்கள். நூற்றுக்கணக்கானவை கைக்கடக்கமான எண்ணிக்கைக்கு வந்துவிடும். பலர் கவனிக்காமல் விட்டுவிடும் வசதி இது.

ஸ்காலரில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை: அதில் வருவதெல்லாம் மதிப்பீடு செய்யப்பட்ட ஆய்வு அல்ல. மாணவர் ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், ப்ரீபிரிண்ட் (மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிட்ட படி), தரமில்லாத இதழ் எல்லாம் கலந்தே வரும். தேதி வாரியாக அடுக்கும் பொத்தானை அழுத்தினால் கடந்த ஓராண்டில் சேர்ந்தவை மட்டுமே தெரியும், பழையவை காணாமல் போகும். புதியவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதைத் தொடாமல், இடப்பக்கத்தில் ஆண்டு வரம்பைக் கொடுங்கள்.

தேடிய சொற்கள், தளம், தேதி, எத்தனை முடிவு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தில் அது அப்படியே வேண்டியிருக்கும்.

கதவுதிற

கட்டணக் கட்டுரைகள் பற்றி.

முதலில் ஸ்காலர் முடிவுக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்திப் பாருங்கள். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஆசிரியரே ஏற்றி வைத்த படி அங்கே இருக்கலாம். அடுத்து அன்பேவால் என்ற உலாவி நீட்சி. நிறுவிவிட்டால், கட்டுரைப் பக்கத்தைத் திறக்கும்போது சட்டப்படியான இலவசப் படி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும், அழுத்தினால் நேரே போய்விடலாம். மருத்துவம், உளவியல் சார்ந்தவற்றுக்குப் பப்மெட் சென்ட்ரல் இருக்கிறது. பப்மெட்டையும் இதையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். பப்மெட்டில் இருப்பது கட்டுரையின் விவரமும் ஆய்வுச்சுருக்கமும், சென்ட்ரலில் இருப்பது முழுக் கட்டுரை. 'கோர்' என்ற தளம் உலகம் முழுவதும் உள்ள களஞ்சியங்களைத் திரட்டித் தருகிறது. ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் தொடங்கினால் 30 நாளில் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், தரவிறக்க முடியாது.

எதுவும் கைகொடுக்கவில்லையா? கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். கட்டுரைத் தலைப்பு, நீங்கள் யார், எதற்காக வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். பல ஆய்வாளர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். உங்கள் நூலகத்தில் நூலகங்களுக்கு இடையேயான இரவல் சேவை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. களஞ்சியத்தில் இருப்பது பெரும்பாலும் ஆசிரியரின் இறுதிக் கையெழுத்துப் படி, அச்சான வடிவம் அல்ல. உள்ளடக்கம் அநேகமாக ஒன்றுதான், ஆனால் பக்க எண் மாறும். கையெழுத்துப் படியில் 12ஆம் பக்கத்தில் இருக்கும் வரி அச்சில் 347ஆம் பக்கத்தில் இருக்கலாம். நேரடி மேற்கோள் எடுப்பதானால் அச்சு வடிவத்தைப் பார்த்துப் பக்க எண் போடுங்கள். பார்க்க வழியே இல்லையென்றால், நீங்கள் எந்த வடிவத்தைப் படித்தீர்களோ அதையே ஆதாரமாகக் காட்டுங்கள். ப்ரீபிரிண்டுக்கு ஒரு டிஓஐ (கட்டுரைக்கு உரிய நிலையான இணைய அடையாள எண்), அச்சான கட்டுரைக்கு வேறொரு டிஓஐ இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

அடைவுக்குறி

40 ஆதாரம் என்றால் கையால் தட்ட வேண்டாம். சொட்டேரோன்னு ஆதாரங்களைச் சேமிச்சுப் பட்டியல் போடும் மென்பொருள் இருக்கு, அதைப் போடுங்க. இலவசம், திறந்த மூலம், 2006லிருந்து இருக்கு. வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும்.

இரண்டு பகுதியை நிறுவணும்: கணினியில் சொட்டேரோ, உலாவியில் அதன் கனெக்டர் நீட்சி. கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும் கனெக்டரின் சின்னத்தைப் பாருங்க. கட்டுரை என்றால் எழுதிய தாள் மாதிரி, புத்தகம் என்றால் புத்தகம், தேடல் முடிவுப் பட்டியல் என்றால் கோப்புறை. கட்டுரைப் பக்கத்தில் இருந்தும் சாதாரண வலைப்பக்கச் சின்னம் தெரிஞ்சா, அழுத்தாதீங்க. இதழ்ப் பெயர், தொகுதி எண் எதுவும் வராது, வெறும் வலைப்பக்கமாகப் பதிஞ்சிடும். அந்த நேரத்தில் கட்டுரையின் டிஓஐயை நகலெடுத்து, சொட்டேரோவின் மேல்பட்டையில் இருக்கும் மந்திரக்கோல் சின்னத்தை அழுத்தி ஒட்டுங்க. விவரமெல்லாம் தானா வந்துடும். அதே பெட்டியில் ஐஎஸ்பிஎன், பப்மெட் எண், ஆர்கைவ் எண்ணும் ஏற்கும்.

பிடிஎஃப் திறந்திருக்கும் பக்கத்திலிருந்து சேமிப்பதைவிட, ஆய்வுச்சுருக்கம் இருக்கும் பக்கத்திலிருந்து சேமிப்பது நல்லது. பிடிஎஃப்பை மட்டும் கொடுத்தா சொட்டேரோ உள்ளே இருக்கும் எழுத்தைப் படிச்சுத்தான் விவரம் தேடும். ஸ்கேன் செய்த பழைய கட்டுரையில் படிக்க எழுத்தே இருக்காது, படம்தான் இருக்கும். அங்கே தோற்றுப்போகும்.

சேமிச்ச உடனே, அடுத்த கட்டுரைக்குப் போகும் முன்னால், வலப்பக்கம் இருக்கும் விவரங்களைக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்க. பிழை வரும் இடங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான்.

முதலாவது நிறுவன ஆசிரியர். உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையைச் சேர்க்கும்போது, பெயர் கட்டம் இரண்டாகப் பிரிஞ்சிருந்தா, ஆங்கிலப் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயராகவும் மற்ற இரண்டும் முதலெழுத்தாகவும் மாறி, பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று நிற்கும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாத்துங்க, சரியாயிடும்.

இரண்டாவது, குடும்பப் பெயர் இல்லாதவர்கள். முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டு எழுதியிருந்தா, மென்பொருள் அந்த ஒற்றை எழுத்தையே குடும்பப் பெயர்னு எடுத்துக்கும். 'கே, எம்.' என்று ஓர் ஆசிரியர் பட்டியலில் தெரிஞ்சா அது இந்தக் கோளாறுதான். கட்டத்துக்குள் பெயரையும் எழுத்தையும் இடம் மாற்றிப் போடணும்.

மூன்றாவது தலைப்பு. ஏபிஏவில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல், முக்காற்புள்ளிக்கு அடுத்த சொல், சிறப்புப் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கணும். பல இதழ்கள் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கும். தலைப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து 'ட்ரான்ஸ்ஃபார்ம் டெக்ஸ்ட்', அதில் 'சென்டென்ஸ் கேஸ்'. ஆனா ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் சின்ன எழுத்தாகிடுச்சான்னு பார்த்துக்குங்க.

வேர்டில் எழுதும்போது சொட்டேரோ பட்டையில் 'ஆட் சைட்டேஷன்', முதல் தடவை எந்த முறைன்னு கேட்கும், ஏபிஏ 7 தேர்ந்தெடுங்க. ஆசிரியர் பெயரைத் தட்டினா கட்டுரை வரும். வந்த குமிழை ஒரு முறை அழுத்தினா பக்க எண் போடும் இடம் திறக்கும். வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயர் வந்துட்டா, அடைப்புக்குள் மறுபடி வராமல் மறைக்கவும் அங்கேயே ஒரு கட்டம் இருக்கு. இப்படிச் செருகியதை வேர்டுக்குள்ளேயே கையால் திருத்தாதீங்க. அடுத்த தடவை புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் அழிஞ்சு பழையது திரும்ப வரும். திருத்தம் எப்போதும் சொட்டேரோவுக்குள்தான்.

இலவசச் சேமிப்பு 300 எம்பி. பிடிஎஃப்களை ஒத்திசைச்சா சீக்கிரம் நிரம்பிடும். அமைப்பில் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திட்டா போதும், நூல் விவரங்களின் ஒத்திசைவு அந்தக் கணக்கில் சேராது.

செங்காந்தள்

அடைவுக்குறி சொன்னது அத்தனையும் சரி. ஒரு சிறு சேர்க்கை: பத்துப் பன்னிரண்டு ஆதாரம் கொண்ட சிறு கட்டுரைக்குச் சொட்டேரோ நிறுவ வேண்டியதில்லை. அதே குழுவின் சொட்டேரோபிப் என்ற தளம் போதும். கணக்கு வேண்டாம், முகவரி அல்லது டிஓஐயை ஒட்டினால் பட்டியல் தயாராகும். விளம்பரம் நிறைந்த மேற்கோள் தயாரிப்புத் தளங்களை விட்டுவிட்டு இதைப் பயன்படுத்தலாம். ஆனால் பட்டியல் உங்கள் உலாவியில்தான் தங்கும். உலாவியின் நினைவகத்தைத் துடைத்தால் பட்டியலும் போகும், உடனே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஸ்காலரில் மேற்கோள் குறி போட்ட 'சைட்' பொத்தானிலிருந்து அப்படியே ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தரும் வரியில் டிஓஐ இருக்காது. ஏபிஏ 7இல் டிஓஐ உள்ள கட்டுரைக்கு அது கட்டாயம். பப்மெட்டின் 'சைட்' பொத்தான் டிஓஐயோடு தருகிறது.

மழைத்துளி

மிக்க நன்றி. சொட்டேரோ நிறுவிவிட்டேன், நிறுவன ஆசிரியர் பிரச்சினை அப்படியே வந்தது, பொத்தானை அழுத்தியதும் சரியானது. இப்போது இணையப் பக்கங்களில் நிற்கிறேன். ஆசிரியர் பெயர் இல்லை, தேதி இல்லை, சிலவற்றில் கீழே ஆண்டு மட்டும் இருக்கிறது. யூடியூப் விரிவுரை ஒன்றும் இருக்கிறது. இன்னொன்று: ஒரு கட்டுரையில் பழைய ஆய்வொன்றைப் பற்றிப் படித்தேன், மூலக் கட்டுரை கிடைக்கவில்லை. அதைக் காட்டலாமா?

ஓரக்குறிப்பு

ஏபிஏவை மனப்பாடம் செய்ய வேண்டாம். யார், எப்போது, என்ன, எங்கே என்று நான்கு கேள்வி, அதே வரிசையில். எல்லா வகை ஆதாரத்துக்கும் இதுதான் எலும்புக்கூடு. டிஎன்ஏ அமைப்பை அறிவித்த புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொண்டால்: வாட்சன், ஜே. டி., & க்ரிக், எஃப். எச். சி. என்பது யார். (1953). என்பது எப்போது. கட்டுரைத் தலைப்பு என்ன. அதன்பின் எங்கே: நேச்சர், 171(4356), 737–738. இதழ்ப் பெயரும் 171 என்ற தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில், அடைப்பிலுள்ள இதழ் எண்ணும் பக்கமும் நேரெழுத்தில். கடைசியில் டிஓஐ, முழு இணைய முகவரியாக, அதற்குப் பின் முற்றுப்புள்ளி இல்லாமல். முற்றுப்புள்ளி வைத்தால் சில மென்பொருள்கள் அதையும் முகவரியில் சேர்த்துக்கொள்ளும், இணைப்பு உடையும்.

டிஓஐ எப்போதும் 10 என்ற எண்ணில் தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பதிப்பகத்தைக் குறிப்பது, நேச்சருக்கு 10.1038. பின்னால் இருப்பது கட்டுரைக்கு உரியது. பிடிஎஃப்பில் டிஓஐ இரண்டு வரியாக உடைந்திருந்தால் நகலெடுக்கும்போது நடுவில் இடைவெளி புகுந்துவிடும், ஒட்டியபின் பாருங்கள். கல்லூரி நூலகம் வழியாகத் திறந்த பக்கத்தின் முகவரியை அப்படியே ஒட்டவே கூடாது. அதில் நூலகத்தின் இடைவழி முகவரி கலந்திருக்கும், வெளியில் இருப்பவர் சொடுக்கினால் உள்நுழைவுப் பக்கம்தான் வரும்.

இனி இணையப் பக்கம். தனி ஆசிரியர் இல்லையென்றால் பக்கத்தை வெளியிட்ட நிறுவனமே ஆசிரியர். அப்போது தளத்தின் பெயரும் அதே நிறுவனமாக இருந்தால் இரண்டாம் முறை எழுத வேண்டாம். நிறுவனமும் தெரியவில்லையென்றால் தலைப்பு முதலிடத்துக்கு வரும். ஆனால் யார் எழுதியது என்றே தெரியாத பக்கம் ஆய்வேட்டுக்கு வேண்டுமா என்று ஒரு தரம் யோசியுங்கள்.

தேதியில்தான் அதிகம் தவறுகிறார்கள். பக்கத்தின் அடியில் பதிப்புரிமைக் குறியோடு நிற்கும் ஆண்டு தளம் முழுவதற்கும் பொதுவானது, அந்தக் கட்டுரையின் தேதி அல்ல, எடுக்காதீர்கள். 'லாஸ்ட் ரிவ்யூட்' என்பதும் வேண்டாம், மீண்டும் படித்துப் பார்த்தார்கள் என்றுதான் அதற்குப் பொருள், உள்ளடக்கம் மாறியிருக்க வேண்டியதில்லை. 'லாஸ்ட் அப்டேட்டட்' அந்த உள்ளடக்கத்துக்கே உரியதென்றால் எடுக்கலாம். எதுவும் இல்லையென்றால் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் தேதியில்லை என்பதற்கான 'என்.டி.' என்ற சுருக்கம். பார்த்த தேதியை எல்லா இணைப்புக்கும் போடுவது பழைய பழக்கம். தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்படி வடிவமைத்த பக்கத்துக்கு, உதாரணமாக அன்றாடம் புதுப்பிக்கும் புள்ளிவிவரப் பக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும்.

அப்படிப்பட்ட பக்கங்களை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்து 'சேவ் பேஜ் நௌ' அழுத்திவிடுங்கள். அந்த நொடியில் பக்கம் எப்படி இருந்ததோ அதன் படி, நேரக்குறியோடு தனி முகவரியில் பதிந்துவிடும். ஆய்வேட்டைத் திருத்துபவர் திறக்கும்போது மூலப்பக்கம் மறைந்திருந்தாலும் உங்கள் ஆதாரம் இருக்கும். விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்ட அனுமதி இருந்தாலும் இதே கொள்கைதான்: பக்க வரலாற்றுக்குப் போய், நீங்கள் படித்த பதிப்பின் நிலையான இணைப்பை எடுங்கள். ஆய்வேட்டைப் பொறுத்தவரை விக்கிப்பீடியா கட்டுரையின் அடியிலுள்ள மேற்கோள் பட்டியல்தான் உங்களுக்குப் பயன்படும்.

யூடியூபுக்கு, பேசியவர் அல்ல, காணொளியை ஏற்றிய கணக்கே ஆசிரியர். தலைப்புக்குப் பின் சதுர அடைப்பில் 'வீடியோ', அடுத்து தளப்பெயர், முகவரி. உரையில் மேற்கோள் எடுத்தால் பக்க எண்ணுக்குப் பதில் அந்தப் பேச்சு தொடங்கும் நிமிடமும் நொடியும்.

மூலம் கிடைக்காத பழைய ஆய்வு: உரையில் இரண்டு பெயரையும் சொல்ல வேண்டும், முதலில் மூல ஆசிரியரும் ஆண்டும், பிறகு 'ஆஸ் சைட்டட் இன்' என்று நீங்கள் படித்தவர். நூற்பட்டியலில் நீங்கள் படித்தது மட்டும் வரும். அளவோடு பயன்படுத்துங்கள். இரண்டாம் கையில் எண்களும் நிபந்தனைகளும் திரிந்து வருவது உண்டு. கட்டுரையில் 'சிலருக்கு' என்று இருந்தது, அதை எடுத்தாண்டவர் எழுத்தில் 'மாணவர்களுக்கு' என்று ஆகியிருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் ஆதாரம் காட்டியே ஆக வேண்டும். பக்க எண் மட்டும்தான் அப்போது கட்டாயமில்லை. 40 சொல்லும் அதற்கு மேலும் உள்ள நேரடி மேற்கோள் மேற்கோள் குறியில்லாமல், உள்தள்ளிய தனிப்பத்தியாக வரும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்றால் முதல் முறையிலிருந்தே முதலாமவர் பெயரும் 'எட் ஆல்' என்பதும் போதும். ஆனால் நூற்பட்டியலில் 20 ஆசிரியர் வரை எல்லாப் பெயரும் வர வேண்டும். 21 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் 19 பெயர், மூன்று புள்ளி, கடைசிப் பெயர். சந்தேகம் வந்தால் ஏபிஏ அமைப்பின் சொந்தத் தளமான ஏபிஏ ஸ்டைலில் ஒவ்வொரு வகைக்கும் மாதிரி இருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆவுல் தளமும் தெளிவாக இருக்கும், எம்எல்ஏ, சிகாகோ முறைகளுக்கும் அங்கே விளக்கம் உண்டு.

சல்லடை

சாட்பாட் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

சாட்பாட் புனையும் ஆதாரம் பார்வைக்கு அசலாகவே இருக்கும். ஆசிரியர் உண்மையானவர், அந்தத் துறையிலேயே எழுதுபவர். இதழும் உண்மை. தலைப்புதான் இல்லாதது. டிஓஐயும் கொடுக்கும், அதைத் திறந்தால் சம்பந்தமில்லாத வேறு கட்டுரை வரும். ஆகவே டிஓஐ திறக்கிறது என்பது சோதனை அல்ல. திறந்த பக்கத்தில் அதே தலைப்பு, அதே ஆசிரியர், அதே ஆண்டு இருக்கிறதா என்பதுதான் சோதனை.

டிஓஐ இல்லையென்றால், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடல் பக்கத்தில் முழு வரியையும் ஒட்டுங்கள். கவனம்: கிராஸ்ரெஃப் அநேகமாக ஏதோ ஒன்றை முதல் முடிவாகக் காட்டும், இல்லை என்று சொல்லாது. நெருக்கமான தலைப்பைப் பார்த்து ஏமாறாமல் தொகுதி எண், பக்க எண் வரை ஒப்பிடுங்கள். அங்கே இல்லாததாலேயே பொய் என்றும் முடிவுகட்டக் கூடாது. நூல்களும் ஆய்வேடுகளும் பழைய இதழ்களும் டிஓஐ இல்லாமல் இருக்கலாம். நூலென்றால், உலக நூலகங்களின் கூட்டு அட்டவணையான வேர்ல்ட்கேட்டில் தேடுங்கள். கட்டுரையென்றால் இதழின் தளத்துக்கே போய், சொன்ன தொகுதியில் சொன்ன பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேறு கட்டுரை இருந்தால் விஷயம் முடிந்தது, அந்த ஆதாரத்தை நீக்குங்கள். அதிலிருந்து எடுத்த கருத்தையும் சேர்த்து நீக்க வேண்டும், அதைத் தாங்க உண்மையான கட்டுரை கிடைக்காதவரை.

உண்மையான கட்டுரை என்பதாலேயே போதாது, திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட்டில் வந்தது, 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இடையில் அதை நம்பி எடுத்தாண்டவர்கள் ஏராளம். இன்று இதைச் சரிபார்ப்பது எளிது. பப்மெட்டில் திரும்பப் பெற்ற கட்டுரைக்கு மேலே எச்சரிக்கைப் பட்டை இருக்கும். பல இதழ்ப் பக்கங்களில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்ற பொத்தான் உண்டு, அழுத்தினால் திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா என்று சொல்லும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. சொட்டேரோ அந்தத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, உங்கள் சேமிப்பில் அப்படி ஏதும் இருந்தால் சிவப்புப் பட்டை காட்டும். அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள்.

இதழே சந்தேகமாக இருந்தால் டிஓஏஜே பட்டியலில் பெயரைத் தேடுங்கள். திறந்த அணுக்க இதழ்களுக்கான (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) பட்டியல் அது, 2003லிருந்து இயங்குகிறது. சந்தா இதழ்கள் அதில் இருக்காது, எனவே டிஓஏஜேயில் இல்லை என்பது மட்டுமே குற்றம் ஆகாது. போலி இதழ்கள் புகழ்பெற்ற இதழின் பெயரில் ஒரு சொல்லை மாற்றி வைத்துக்கொள்வதும் உண்டு, இதழுக்கு உரிய ஐஎஸ்எஸ்என் அடையாள எண்ணை ஒப்பிட்டால் வெளுத்துவிடும்.

மழைத்துளி

பட்டியலில் இருந்த ஒரு டிஓஐயைத் திறந்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே வேறு தலைப்பு வந்தது, நீக்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: வழிகாட்டிக்கு வேர்டு கோப்பாக அனுப்ப வேண்டும். அவரிடம் சொட்டேரோ இல்லை. மேற்கோள்கள் உடையுமா?

அடைவுக்குறி

திறந்து படிக்க ஒன்றும் ஆகாது. அவர் திருத்தி அனுப்பினாலும் வேர்டிலேயே செய்தா செருகியவை அப்படியே இருக்கும். கூகுள் டாக்ஸில் ஏற்றித் திருத்தினாத்தான் தொடர்பு அறுந்துபோகும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

இறுதிச் சமர்ப்பிப்புக்குக் கோப்பை இன்னொரு பெயரில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' அழுத்துங்க. எல்லாம் வெறும் எழுத்தாகிடும், பிறகு தானாகப் புதுப்பிக்காது. மூலக் கோப்பில் அழுத்திட்டா திரும்பக் கொண்டுவர முடியாது. அழுத்தும் முன்னால் ஒரு தடவை 'ரிஃப்ரெஷ்' கொடுங்க. வேர்டில் தேடலைத் திறந்து 'என்.டி.' என்பதை ஆங்கிலத்தில் தேடுங்க. சொட்டேரோவில் ஆண்டு கட்டம் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டுரையும் அதில் அகப்படும், இணையப் பக்கம் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் விடுபட்ட தேதிதான்.